கடலின் மீது நான் போட்ட பழி

நாலரை வயதில் என் மகள் சங்கவி சீப்பின் படத்தைப் பார்த்து, "தல... தல வார்றது" என்றாள். முந்தின நாள் காலையில்தான் "சீப்பு எங்கம்மா?" என்று கேட்டிருந்தாள்.

மண்டபத்தூரில் நான் பால்வாடி டீச்சர். படம் காட்டிப் பெயர் கேட்பது என் அன்றாட வேலை. அன்று பிள்ளைகளை அழைத்துப்போக வந்த தாய்மார்கள் வாசலில் நின்றிருந்தார்கள். குடையைக் காட்டினேன், "மழை" என்றாள். பூட்டைக் காட்டினேன், "சாவி... சாவி இல்ல" என்று விழித்தாள். யாரோ சிரித்தார்கள். "டீச்சர் புள்ளைக்கே வர மாட்டேங்குதே" என்றது ஒரு குரல்.

என் காது மடல்கள் எரிந்தன. படத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்: "சுனாமியிலேருந்து இப்படித்தாங்க. புள்ள பயந்துபோயிட்டா."

சிரிப்பு நின்றது. ஒருத்தி உள்ளே வந்து சங்கவியைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

அலை வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஊரிலேயே இல்லை. முந்தின நாளே நானும் சங்கவியும் திருநள்ளாற்றில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். என் கணவர் ஆழ்கடலில் இருந்தார், தப்பித்துக் கரை வந்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா ஏழு வயது மகன் மணிமாறனைப் பறிகொடுத்திருந்தார். நான் திரும்பியபோது ஊரே முகாமில் கிடந்தது. யார் எங்கே இருந்தார்கள் என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. அதனால் என் பொய் பிழைத்துக்கொண்டது.

ஒருமுறை சொன்னபின் அது எளிதாக வந்தது. உறவினர்களிடம் சொன்னேன். காரைக்காலில் பேச்சுப் பயிற்சியாளரிடமும் சொன்னேன். "எப்பலேருந்து இப்படி இருக்காங்க?" என்று அவர் கேட்டபோது, சங்கவி என் மடியில்தான் இருந்தாள். "அலை வந்ததுக்கு அப்புறம்" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பயம்தான் காரணமாக இருக்கும் என்று முதலில் மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

வாரம் ஒரு நாள் போனோம். வண்ணப் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொன்னார்கள். பயத்தை வெளியே கொண்டுவரும் முயற்சி அது. ஒன்றும் பார்க்காத பிள்ளை, சொன்னதைக் கேட்டு நீலமாக ஏதோ கிறுக்கினாள். வீடு திரும்பும்போது என்னிடம் கேட்டாள்: "அம்மா, தண்ணி வந்து நம்மள... நம்மள என்ன செய்யும்?"

அடுத்த வாரமும் அழைத்துப்போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், அப்பாவின் படகு வருவதைப் பார்க்கக் கரைக்குப் போனோம். மணலில் கால் வைத்ததும் சங்கவி அலறினாள். என் சேலையைப் பிடித்த கையை எடுக்கவே முடியவில்லை. என் கணவர் ஓடிவந்தார்.

"நண்டு புடிச்சிக்கிட்டுத் திரிஞ்ச புள்ளதானே இது? எப்பலேருந்து கடலுக்குப் பயப்படுது?"

நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"டாக்டருகிட்ட என்னதான் சொல்லிவச்ச?"

சொன்னேன். கேட்டுவிட்டு வெகுநேரம் வலையையே உதறிக்கொண்டிருந்தார். பிறகு, "கடல் செஞ்சது போதாதுன்னு இதையும் அது தலையில போட்டியா?" என்றார். அவர் என்னிடம் அன்று பேசியது அவ்வளவுதான்.

மறுவாரம் பயிற்சியாளரிடம் உண்மையைச் சொன்னேன். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே இப்படி என்றேன். அவர் திட்டவில்லை. பழைய தாளில் ஒரு வரியை அடித்துவிட்டு, படங்களைப் பரப்பினார். பெயர் கேட்டால் சங்கவி திணறினாள். "பூட்டு எது, தொட்டுக் காட்டு" என்றால் யோசிக்காமல் தொட்டாள்.

"பாத்தீங்களா? அவளுக்கு எல்லாம் தெரியும்மா. எடுக்கத்தான் நேரம் ஆகுது."

சொல் மீட்புச் சிரமம் (தெரிந்த சொல் தேவையான நேரத்தில் நாவுக்கு வராமை) என்று பெயர் சொன்னார். சோம்பலோ பயமோ வளர்ப்போ காரணமில்லை என்றார். எந்த வெட்கத்துக்காகப் பொய் சொன்னேனோ அதற்கு இடமே இருந்திருக்கவில்லை.

பயிற்சி எளியது. பொருள் எதற்கு உதவும், எங்கே இருக்கும் என்று சொல்லவைப்பது. சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது. தவித்தால் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொடுப்பது (ஒலிக் குறிப்பு). எல்லாவற்றுக்கும் முன்னால் காத்திருப்பது. இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சொல்கிறேன், காத்திருப்பதுதான் மிகக் கடினம். அவள் தேடும்போது என் நாக்கு தானாக மேலண்ணத்தில் போய் ஒட்டும். சொல்லை விழுங்க விழுங்கத் தொண்டை வலிக்கும்.

கடல் பயம் போக ஒரு வருடம் ஆயிற்று. அதற்கு மருந்து எழுத யாரும் இல்லை. அவள் அப்பாதான் தினமும் தோளில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனார்.

அஞ்சலை அக்காவிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. என் பொய்யைக் கேட்டு எனக்கு ஆறுதல் சொன்னவர் அவர். ஒருநாள் அவர் வாளை மீன் அரிந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அரிவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியும் புள்ள" என்றார். "அந்தச் சனிக்கெழம நீ பஸ்ஸுக்கு நின்னப்ப ஒன் பையத் தூக்கியாந்தது யாரு? மணிமாறன்தானே. அவன் செஞ்சத நான் மறப்பனா?"

நான் மறந்திருந்தேன்.

"அப்பறம் ஏங்க்கா ஒண்ணும் கேக்கல?"

"ஏதோ ஒரு வேதனையிலதான் சொல்லுறேன்னு விட்டுட்டேன். ஆனா, நீ ஒவ்வொரு தடவ சொல்லுறப்பயும் எனக்கு இங்க வலிக்கும்." மீன் ரத்தம் ஒட்டிய கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குழம்பு வைக்க இரண்டு துண்டு மீன் மட்டும் கொடுத்தனுப்பினார்.

இப்போது சங்கவிக்கு எட்டு வயது. இன்னும் சொற்கள் தவறுகின்றன. வாய்ப்பாட்டிலும் ஊர்ப் பெயர்களிலும் தடுமாறுகிறாள். ஆனால் தடுமாறும்போது தலை குனிவதில்லை. "இருங்க, வருது" என்று டீச்சரிடமே சொல்கிறாளாம்.

போன மாதம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள்: "அம்மா, சுனாமி வந்தப்ப நான் எங்க நின்னேன்? பள்ளிக்கூடத்துல கேட்டாங்க. எல்லாரும் நான் பயந்துட்டேன்னு சொல்லுறாங்க. எனக்கு ஞாபகமே இல்ல."

வாயைத் திறந்தேன். எல்லாச் சொற்களும் தெரிந்தவைதான். ஒன்றுகூட வரவில்லை. கையில் பாதி மடித்த பாவாடை.

சங்கவி என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை. என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அத்தனை நேரமும் அவள் அசையவில்லை.

"நீ அங்க இல்லடி" என்றேன் கடைசியில். "அம்மாதான் பொய் சொன்னேன்."