ஜிஃபாவின் சிவப்புப் பொட்டு

கானா நாட்டு அக்ராவின் சர்க்கிள் சந்தையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜிஃபாவுக்குப் புதுப்பொருள் என்றாலே ஆகாது. பெட்டி பிரிக்காமல் வருவதெல்லாம் போலி. வெளிநாட்டில் யார் வீட்டிலோ ஐந்து வருஷம் உழைத்துவிட்டுக் கப்பலேறி வந்ததுதான் அசல். சந்தையில் பாதிப்பேருக்கு இதுதான் வேதம். அப்படிப் பொறுக்கியெடுத்து விற்கும் ஒவ்வொரு பழைய பாகத்திலும் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பாள். பொட்டு இருந்தால் ஜிஃபா பொறுப்பு. பதினோரு வருஷமாக அந்தப் பொட்டுக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த கர்வம்.

அன்று காலை அடோமா டீச்சர் தன் கம்ப்யூட்டரையும், எதிர்க்கடை சோவாவிடம் வாங்கிய புத்தம்புது டிஸ்க்கையும் கொண்டுவந்து வைத்தார். புதியதில் ஓ.எஸ். போட வேண்டும். முப்பத்தேழு சதவீதம் ஏறியதும் திரை நீலமாகி நின்றது. மறுபடி போட்டாள், அறுபதில் நின்றது. மூன்றாம் தடவை ஆரம்பத்திலேயே படுத்துவிட்டது.

ஜிஃபாவுக்கு உள்ளூரக் குஷி. டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டாள்.

"சோவா அண்ணே! டீச்சர் தலையில மிளகா அரைச்சிட்டீங்களே! இது டிஸ்க்கா, சோப்புக்கட்டியா?"

"பெட்டியை டீச்சர் கண்ணு முன்னாடிதானேம்மா பிரிச்சேன்?" என்றார் சோவா.

"அதான் சொல்றேன், பெட்டி மட்டுந்தான் அசல்! இது நல்ல டிஸ்க்குன்னா என் கடை போர்டையே கழட்டிடறேன்!"

தெருவே சிரித்தது. சோவா கடையில் நின்ற இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள்.

டீச்சருக்கு நிரூபித்துக் காட்ட, தன் பொட்டு வைத்த பழைய டிஸ்க் ஒன்றை மாட்டினாள் ஜிஃபா. அதுவும் நாற்பத்தொன்றில் விழுந்தது. ஓ.எஸ். இருந்த பென் டிரைவை மாற்றினாள், அதே கதை. இடம் மாறி மாறி விழுந்தால் முதலில் ரேமைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்பவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புது டிஸ்க்கையே திரும்ப மாட்டினாள். ஓ.எஸ். மடமடவென்று நூறு சதவீதம் ஏறி முடிந்தது.

கழற்றிய ரேமைத் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்புப் பொட்டு. போன மாதம் டீச்சருக்கு அவளே விற்றது.

டீச்சர் சாப்பிட, கென்கே என்கிற சோளமாவு உருண்டை வாங்கப் போயிருந்தார். பொட்டைச் சுரண்ட ஒரு நிமிஷம் போதும். நகம் அதன்மேல் போயும்விட்டது. எதிரே சோவா, ஆளில்லாத கடையில், புது டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டிக்குள் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். ஜிஃபாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஸ்டூல் போட்டு ஏறிப் போர்டைக் கழற்றினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க! டிஸ்க் நல்ல டிஸ்க்கு! கெட்டது என்னோட ரேம்!" காலையில் கத்திய அதே குரலில் கத்தினாள். போர்டைச் சுமந்துபோய் சோவா முன்னால் வைத்தாள்.

"இதை ஏன் எங்கிட்ட கொண்டாந்தே? இதுல நான் வாழைக்காய் வறுக்கவா?"

"மன்னிச்சிடுங்கண்ணே. நாக்கு முந்திக்கிச்சு."

"உன் நாக்கைப் பதினோரு வருஷமா பாக்கறேனே. போய் மாட்டும்மா."

அவள் போகவில்லை. டீச்சரின் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவந்து, சோவா கண்ணெதிரே அதில் சிவப்புப் பொட்டு வைத்தாள். அவள் வாழ்நாளில் புதுப்பொருளுக்கு வைத்த முதல் பொட்டு.

சோவா அட்டைப்பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். "மிச்சத்துக்கு?"

"ஒவ்வொண்ணா சோதிச்சுட்டுத்தான் வைப்பேன்."

"தாராளமா சோதி. ரேமை மட்டும் என் கடையில வாங்கிக்க."