மரவள்ளி மாவில் பை செய்த காலம்

ஒரு பொருள் பழுதாகிப் போகவேண்டும் என்பதற்காகவே அதைக் கவனமாகச் செய்கிற தொழில் எங்களுடையது. தட்டில் ஒட்டிக் காய்ந்த மாப்படலத்தை உரிக்கப் பாடுபட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், என் பாடு விளங்கும். சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஓர் அறையில், நானும் குடாவுக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாவைச் சேர்ந்த நசீமாவும் மரவள்ளி மாவையும் கிளிசரினையும் காய்ச்சி, தட்டில் ஊற்றிக் காயவைத்து, மண்ணோடு மண்ணாக உக்கக்கூடிய பை செய்துகொண்டிருந்தோம்.

வெள்ளைத் தூள்

நிலாவெளியிலிருந்து மாவோடு பஸ்ஸில் வந்தனான். சோதனைச் சாவடியில் வெள்ளைத் தூளைக் கண்டதும், வெடிமருந்தோ என்று சிப்பாயின் முகம் மாறிவிட்டது. மரவள்ளி மா என்றேன். வாயில் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டேன். பச்சை மா தொண்டையில் ஒட்டியது, இருமவும் பயம். பஸ்ஸில் ஒருவரும் என்னைத் தெரிந்தமாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை.

பொலித்தீனுக்குப் பதிலாக இதில் பை செய்கிறோம் என்று விளங்கப்படுத்தினேன். அவர் யோசித்துவிட்டு, தெரிந்த தமிழில் கேட்டார்:

"அப்ப இந்த மா ஏன் பொலித்தீன் சொப்பிங் பையில?"

ஈரம்

நசீமாவின் மாமா மீன் வியாபாரி. எங்கள் பையில் மீன் போட்டுக்கொண்டு கிண்ணியாப் படகில் ஏறினார். நடுக்கடலில் பை கரைந்து, மீன் முழுவதும் சனத்தின் காலடியில். நசீமா வெட்கத்தில் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. கடைசியில் அவரே அறைக்கு வந்து, இன்னொரு பை கேட்டார்.

"உக்கட்டும் மகள், நல்லதுதான். நான் வீட்டை போய்ச் சேர்ந்த பிறகு உக்கட்டும்."

மிளகாய்க் கன்று

பிறகு ஈரம் தேவையான வேலைக்கே திரும்பினோம்: கன்று நடும் பை. பையோடு மண்ணில் வைத்தால், வேர் பிடிக்கிற நேரத்துக்குப் பை உக்கிவிடும்.

அப்போதுதான் பக்கத்துச் சம்பூர் ஊர்ச் சனம் சண்டையால் இடம்பெயர்ந்து வந்தது. பள்ளிக்கூடமொன்றில் தங்கியிருந்த பரமேஸ்வரி அக்கா, தோட்டம் செய்தவர். கெதியில், சில நாளிலேயே, திரும்ப ஊருக்குப் போக விடுவோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்களாம். கொண்டுபோய் நட மிளகாய்க் கன்றுகள் கேட்டார். பையோடு கொடுத்தோம்.

மழை முடிந்து போய்ப் பார்த்தேன். அவர்கள் அங்கேயேதான். வகுப்பறைச் சுவரோரம் மிளகாய் காய்த்திருந்தது. பைகள் உக்க, கன்றுகளைக் காப்பாற்ற அங்கேயே நட்டுவிட்டாராம். கோபமில்லாமல் ஒரு பிடி மிளகாய் பிடுங்கி என் கையில் தந்தார்.

"உங்கட பை சொன்ன நேரத்துக்கு உக்கிட்டுது, தம்பி. எங்களைத்தான் சொன்ன நேரத்துக்கு ஊருக்கு விடேல்ல."

ஒரு பொருள் எப்போது அழியவேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானிக்கிற தொழிலை, நாளைக்கு எங்கே இருப்போம் என்று ஒருவருக்கும் தெரியாத ஊரில் இருந்து செய்தோம்.