உதுமானின் இரண்டு சீட் கார்

தாராவியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த உதுமானுக்குக் கார்களைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. மாட்டுங்காவிலிருந்து என் புது பியட்டைக் கொண்டுபோய் விட்டால், "காருன்னா இது சார்! நாலு கதவு, மேல கூரை, சாவியத் திருகினா கிளம்புது" என்பார். சொல்லிக்கொண்டே மூலையில் நிற்கும் பழைய எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் காரைத் துடைப்பார். அதற்குக் கூரை இல்லை, பின் சீட் இல்லை. சாவியைத் திருகினால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. தாதரில் ஒரு பார்சிக் கிழவர், இடத்தை அடைக்கிறது என்று சும்மா கொடுத்தது.

உதுமான் திருநெல்வேலி மேலப்பாளையத்துக்காரர், ஐந்து பிள்ளைகள். "எங்கள எல்லாம் பின்னால கயித்துல கட்டி இழுக்கப் போறீயளா?" என்று அவர் மனைவி பீவி கேட்பதுண்டு.

அறுபத்துநாலில் மூத்தவள் சபுராவுக்கு நிக்காஹ். செம்பூர் மாப்பிள்ளை அப்துல் ரவூப். ஊர்வலத்துக்கு உதுமான் என் பியட்டைக் கேட்டார். பூச்சரம் போட்டு, தாராவியில் மாப்பிள்ளையை இறக்கியிருந்த வீட்டுக்கு நானே ஓட்டிப் போனேன். அங்கே போய் நின்ற கார் நின்றபடியே நின்றது.

பின் சீட்டில் மாப்பிள்ளை நடுவில். சரி, அவருக்கு வலப்பக்கம் யார்?

"தகப்பன் இல்லாத புள்ள. வாப்பா ஸ்தானத்துல நான் இருக்கேன்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு அண்ணன், பெரியவாப்பா ஜெயினுலாப்தீன்.

"பெத்தவ கூடப்பொறந்தவன் நான் இடது பக்கமா? நல்லாருக்குவே உம்ம நியாயம்!" என்றார் தாய்மாமா ஷாகுல் ஹமீது.

முன் சீட் காலியாக இருப்பதைச் சொன்னேன்.

"டிரைவர் பக்கத்துலயா?" என்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். டிரைவர் நான்தான்.

பெரியவாப்பா துண்டை உதறினார். "நான் ஊருக்குப் போறேன். நிக்காஹ் எப்படி நடக்குன்னு பாத்துருவோம்." மாமாவும் செருப்பைத் தேடினார். மாப்பிள்ளை வராமல் போனால் சபுராவை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? ஆள் ஓடிப்போய் உதுமானிடம் சொன்னான்.

உதுமான் சமாதானம் பேச வரவில்லை. வெள்ளை உடுப்போடு எம்.ஜி.யில் வந்தார்.

"மாப்பிள, இதுல ஏறுங்க. ரெண்டே சீட்டு. ஒண்ணு உங்களுக்கு, இன்னொண்ணு ஓட்டுறவனுக்கு."

"யாரு ஓட்டுறது?"

"நான்தான். வேற யாரு சொன்னாலும் இது கேக்காது."

மாமனார் மருமகனுக்குக் காரோட்டுவது முறையா? முறையில்லைதான். ஆனால் வலப்பக்கம் ஸ்டீயரிங் இருந்தது. அந்த இடம் தனக்கு இல்லாவிட்டாலும் அடுத்தவருக்கும் இல்லை என்று புரிந்ததும் இருவர் முகமும் தெளிந்தது.

பியட்டில் போயிருந்தால் மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் தெரிந்திருக்கும். இதில் தாராவியே அவரைச் செருப்பு வரை பார்த்தது. மாடிகளிலிருந்து பெண்கள் பூவை நேரே மடியில் போட்டார்கள். பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. கூடவே நடந்து வந்த பெரியவர்கள் இருவரும் பின்னால் கை கொடுத்தார்கள்.

"மச்சான், நல்லா அமுக்கித் தள்ளும்!"

"நீரு மொதல்ல தள்ளும்வே!"

யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று அவர்களே கவனிக்கவில்லை. பந்தலை அடைந்தபோது காஜியார் எழுந்து போகாமல் காத்திருந்தார். நிக்காஹ் நடந்தது.

மறுவாரம் உதுமான் எனக்கு நன்றி சொல்ல வந்தார்.

"என் கார் ஊர்வலத்தில் ஓர் அடி நகரவில்லையே?" என்றேன்.

"விருந்து முடிஞ்சு ரெண்டு பெருசையும் செம்பூர்ல கொண்டு விட்டது அதுதானே சார்? பின் சீட்டுல ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுல்ல தூங்குனாங்க. பியட்டுன்னா பியட்டுதான்."

"அப்போ எம்.ஜி.யை விற்றுவிடலாமே?"

திடுக்கிட்டுப் பார்த்தார்.

"எந்த ஊர்க்காரன் செஞ்சானோ சார், பின் சீட்டு வைக்காம விட்டான் பாருங்க. எம் பொண்ணு இன்னைக்குக் குடும்பம் நடத்துறா. அல்லாஹ் அவனுக்குப் பரக்கத் குடுக்கட்டும்."