கங்கை டால்பினும் பிச்சாவரத்துக் கண்டல் மரமும்

பிச்சாவரம் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் முதன்முதலில் அங்கே போனது 1974 தை மாதத்து ஞாயிறு ஒன்றில். சுற்றிப் பார்க்க அல்ல. விருத்தாசலத்து வீட்டில் இருப்புக் கொள்ளாமல் கிளம்பினோம்.

என் கணவர் சுரேஷுக்குச் சொந்த ஊர் பீகாரில் கங்கைக்கரைப் பாகல்பூர். இங்கே பீங்கான் சூளையில் மேற்பார்வை வேலை. கல்யாணமான முதல் வருடம். அந்த வாரம்தான் சொந்த ஊரிலேயே அவருக்கு வேலை கிடைத்திருந்தது. "வரியா?" என்று அவர் கேட்கவில்லை. நானாகவும் வாய் திறக்கவில்லை.

சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். வழியில் டீ குடிக்க இறங்கியபோது, வெள்ளாற்றின் கலங்கல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கங்காவும் இப்படித்தான். எங்க சோன்ஸுக்குக் கண்ணே தெரியாது." சோன்ஸ் என்றால் ஆற்று டால்பின்.

"அப்புறம் எப்படிங்க மீன் பிடிக்கும்?"

"சத்தம் விட்டுக் கண்டுபிடிக்கும். ஆனா மூச்சுக்கு மேல வரணும். வந்துகிட்டே இருக்கணும்."

சிதம்பரத்தில் பஸ் மாறிக் கிள்ளையில் இறங்கி நடந்தோம். மீன்பிடிப் படகு ஒன்று கிடைத்தது. உப்புநீரில் வளரும் கண்டல் மரங்களைச் சுற்றிச் சேற்றில் குச்சிகள் போல ஏதோ விரல்விரலாக நீட்டிக்கொண்டிருந்தன.

"என்னண்ணே, குச்சி நட்டு வச்சிருக்கீங்க?" என்றேன்.

படகுக்காரர் சிரித்தார். "மரத்தோட வேரும்மா. சேத்துக்குள்ள காத்து இல்ல. அதான் மேல வந்து மூச்சு வாங்குது."

சுரேஷ் எட்டிப் பார்த்ததில் படகு ஆடியது. "சோன்ஸ் மாதிரியே!"

"எங்க மாதிரி? அது ஓடுது. இது நின்ன எடத்துலயே நிக்குது." என் குரல் எனக்கே வெடுக்கென்று கேட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். "உன்னை இங்கேருந்து பிடுங்கக் கூடாதுன்னுதான் கேக்கல."

"கேட்டாதானே தெரியும்?"

"வரியா?"

படகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க ஊருக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

நீங்கள் போவதானால் காலையில், நீர் வற்றியிருக்கும்போது போங்கள்; அப்போதுதான் வேர்கள் தெரியும். இறங்கி மிதிக்காதீர்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். சோன்ஸ் பார்க்கக் கங்கையில் வெள்ளம் வடிந்த மாதங்கள் நல்லது. ஒரு நொடிதான் முதுகு தெரியும், பேசாமல் காத்திருங்கள்.

சித்திரையில் பாகல்பூர் போனோம். நான்கு வருடம் இருந்தோம். திரும்பிவிடலாம் என்று முதலில் சொன்னது அவர்தான்.