அடிக்காமல் விட்ட பந்து

எறும்புக்குத் தூவலாமென்று நேற்று மருந்துக்கடையில் போரிக் பவுடர் வாங்கினேன். விரலில் அந்த வழவழப்பு பட்டதுதான் தாமதம், திருக்காட்டுப்பள்ளி உரக்கடை குடோனுக்குள் போய் நின்றுவிட்டேன். உங்களுக்குப் போரிக் பவுடர் என்றால் கேரம் போர்டு ஞாபகம் வரும். எனக்குப் பச்சைத் துணி விரித்த, பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் டேபிள்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். அந்த அருமையான துணியின் மேல் டப்பா டப்பாவாகப் பவுடரைக் கொட்டி ஆடிய மகானுபாவர்கள் நாங்கள்.

உரக்கடை அந்தோணி அண்ணனுடையது. நான் அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் சில வருடம் வேலை பார்த்துத் திரும்பியவர் அவர். சென்னையில் ஏதோ கிளப்பை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்த டேபிளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து குடோனின் முன்பாதியில் இறக்கிவிட்டார். பின்பாதியில் யூரியா மூட்டை. டேபிள் வந்தது, பந்துகள் வந்தன, நீளக் குச்சிகள் வந்தன. எப்படி ஆடுவதென்று மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. அண்ணனும் சிங்கப்பூரில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. எங்களுக்குத் தெரிந்தது கேரம். ஆகவே சிவப்புப் பந்தை ராணியாக்கினோம். அதைப் போட்டால் கையோடு இன்னொரு பந்தையும் ஃபாலோ போடவேண்டும். பந்து வேகமாக ஓடட்டும் என்று பவுடர் வேறு. ஆடிவிட்டு வெளியே வந்தால் எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும்.

அந்தக் கூத்துக்கு ராஜா சகாயம். என் தெருக்காரன், என் வயசுக்காரன். குறுவைக்குத் தண்ணீர் வராமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. தெருவில் பாதிப் பேர் வெல்டிங் கற்றுக்கொண்டு விசாவுக்குக் காத்திருந்தார்கள், சகாயமும் அதில் ஒருவன். காத்திருக்கிறவனுக்கு ஒரு டேபிள் எவ்வளவு பெரிய வரம் தெரியுமா? அவன் அடித்தால் பந்து குழியில் விழும் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

மாதா கோயில் தேருக்கு மலேசியாவிலிருந்து அண்ணனின் சித்தப்பா மகள் ரோசலின் அக்கா வந்தார். அந்த டேபிளில் ஆடுவதுதான் அவருக்குத் தொழிலே என்று அண்ணன் சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பந்து உருட்டுவது ஒரு உத்தியோகமா? காலைப் பூசை முடிந்து பட்டுப்புடவையோடு குடோனுக்குள் நுழைந்தவர் துணியைத் தடவிப் பார்த்தார்.

“என்னா லா இது, மாவா?”

“பவுடர்தான்க்கா. பந்து நல்லா ஓடும்,” என்றான் சகாயம், பெருமையாக.

அக்கா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை திட்டவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, துணி துவைக்கிற பிரஷ்ஷை வாங்கி, டேபிளை ஓரம் ஓரமாகத் தேய்த்துச் சுத்தம் செய்தார். பிறகு குச்சியை எடுத்தார்.

என்னத்தைச் சொல்ல! முதலில் அடிக்கவே இல்லை. டேபிளைச் சுற்றி நடந்தார். இந்தப் பந்து இந்தக் குழியில் என்று சொல்லிவிட்டு மெதுவாகத் தட்டினார். பந்து சத்தமில்லாமல் உள்ளே போனது. நாங்கள் விழுந்த பந்தைப் பார்த்தோம், அவரோ குச்சியால் தட்டிவிட்ட வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார். அது ஒவ்வொரு முறையும் அடுத்த பந்துக்கு எதிரே, கூப்பிட்டு வைத்த மாதிரி நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் தோளில் மூட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனுஷ்யக் கைக்கு இவ்வளவு சாத்தியமா என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

ஒரே ஒரு குறை. நடுவே ஒரு மஞ்சள் பந்து சுலபமாக நின்றது. அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சகாயத்துக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அதோ அது லட்டு மாதிரி நிக்குது பாருங்க.”

“பாத்தேன் தம்பி. அது அப்புறத்துக்கு.”

மஞ்சளைத் தவிர எல்லாவற்றையும் போட்டுமுடித்தார். பதினாலு பந்தையும் எடுத்து முக்கோணச் சட்டத்தில் மறுபடி அடுக்கச் சொன்னார். மஞ்சள் நின்ற இடத்திலேயே, அடுக்குக்குப் பக்கத்தில். இப்போது அதை அடித்தார். மஞ்சள் குழிக்குள் போக, வெள்ளை திரும்பி அடுக்கில் மோதிச் சிதறடிக்க, ஆட்டம் நிற்காமல் அடுத்த அடுக்குக்குப் போய்விட்டது! அந்த ஒரு பந்து தப்பான இடத்தில் மிஞ்சியிருந்தால் அடுக்கு கலைந்திருக்காது.

“அடேய், விதைநெல்லுடா அது!” என்று அண்ணன் கத்தியே விட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பந்துக்கு எங்கள் குடோனில் விதை என்றே பேர்.

அக்கா ஊருக்குப் போய்விட்டார். சகாயத்துக்குப் பேய் பிடித்தது. விசா வருவதற்குள் ஒரே ஒரு தடவை, ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குப் போய்விடவேண்டும். அவனுக்கு அதுதான் ஜெபம், அதுதான் தூக்கம். அடிக்கிற வேகத்தைக் குறைத்தான். முதல் பந்தை அடிக்கும் முன்பே கடைசிப் பந்தைத் தேடினான். ஒருநாள் விதை மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒருநாள் வெள்ளை சதி செய்யும். நான் ஒரு பெருந்தீனிக்காரன், விதை கண்ணில் பட்டால் அதைத்தான் முதலில் போடுவேன்.

விசா வந்துவிட்டது. கிளம்புகிற அன்று மத்தியானம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு குடோனுக்கு வந்தான். நேரே குச்சியை எடுத்து ஆடினான். அன்றைக்கு அவன் கையில் அக்காவே வந்து உட்கார்ந்திருந்தார். பதினாலும் விழுந்தன. மஞ்சள் மட்டும் அதே இடத்தில், வெள்ளை அதற்கு எதிரே. பதினாலையும் நான் அடுக்கினேன். வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

சகாயம் குனிந்தான். குறி பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு நிமிர்ந்து குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டான்.

“அடிடா, ஒரு நிமிஷம்தானே!” என்றேன்.

“அடிச்சிட்டா முடிஞ்சிடும்டா. விழுந்தாலும் முடிஞ்சிடும், விழாட்டியும் முடிஞ்சிடும். இருக்கட்டும், வந்து அடிக்கிறேன். யாரையும் தொட விடாத.”

வேன் போனதும் அண்ணனே தார்ப்பாய் கொண்டுவந்து டேபிளை மூடினார். சம்பாவுக்கு உரம் வந்து இறங்கும்வரை யாரும் அதைத் தொடவில்லை. அப்புறம் இடம் போதாமல் தார்ப்பாயின் மேலேயே மூட்டை ஏறியது. துணி அரித்து, கால் முறிந்து, டேபிளைப் பழைய மரக்காரர் எடுத்துக்கொண்டு போனார். அண்ணனும் கடையை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். பந்துகள் எங்கே உருண்டன என்று சத்தியமாகத் தெரியாது.

சகாயம் ஊருக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான். கல்யாணம், சாவு என்று இரண்டு நாள் லீவில் வருவான். டேபிளைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன தேருக்குத்தான் சாவகாசமாக வந்தான், முன்தலை வழுக்கையோடு. குடோன் இருந்த இடத்தில் இப்போது ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற ஷோரூம். உள்ளே நுழைந்து, வரிசையாக நின்ற மெஷின்களுக்கு நடுவே ஒரு இடத்தைத் தேடிப் பிடித்து நின்றான். குனிந்தான். இல்லாத குச்சியை விரலிடுக்கில் வைத்து, ரொம்ப நேரம் குறி பார்த்து, மெதுவாகத் தட்டினான்.

“என்ன சார் பாக்கறீங்க, ஃப்ரன்ட் லோடா?” என்று விற்பனைப் பெண் ஓடிவந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்தபடியே என்னிடம் கேட்டான்.

“விழுந்துச்சாடா?”

“விழுந்துடுச்சுடா. அடுக்கும் கலைஞ்சிடுச்சு,” என்றேன்.