கடைசி வரியில் ஓர் எண்

எழுபதுகளின் தொடக்கத்தில், எங்கள் காரைக்குடிக் கல்லூரியில் மாணவர் படைப் பயிற்சிக்கென்று இருந்த துப்பாக்கிகளைப் பராமரிக்க, பட்டாளத்தில் இதே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மானகிரியிலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லி உடம்பு, காக்கிச் சட்டையில் எப்போதும் எண்ணெய் வாடை. வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொரு துப்பாக்கியாகத் துடைத்து, குழலில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, அதன் எண்ணுக்கு நேரே 'பார்த்தேன்' என்று எழுதுவார். அந்தப் பட்டியலை நகலெடுத்து மேலே அனுப்புவது கிளார்க்கான என் வேலை.

பட்டியலின் கடைசியில் வாராவாரம் எங்களிடம் இல்லாத ஓர் எண் இருக்கும். அதற்கு நேரே 'பார்க்கவில்லை'.

"இந்தத் துப்பாக்கி நம்மகிட்ட இல்லையேண்ணே, எதுக்கு எழுதுறீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

எண்ணெய்த் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "சண்டைக்குக் கிளம்புறதுக்கு மொத நாளு, இதை மட்டும் பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டேன் தம்பி. அங்க போயி தோட்டா சிக்கிக்கிருச்சு. அதை வச்சிருந்தவன் எங்கூட ஒரே தட்டுல சாப்பிட்டவன்."

நகலில் அந்த வரியை நான் விட்டுவிடுவேன். ஆனால் அந்த எண் இன்றும் எனக்கு மனப்பாடம்.

அவருக்குப் பிறகு வந்தவர், துப்பாக்கி அறையைத் திறக்காமலே, டீ ஆறுவதற்குள் எல்லா எண்ணுக்கும் 'பார்த்தேன்' போட்டு நீட்டினார். என் கண் முன்னால்தான். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, நகலெடுத்து அனுப்பினேன்.