டாப்னித் தொட்டியில் போட்ட காப்பித் தோல்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வாசல் கதவைத் திறந்தபோது டாப்னிச் செடியின் இலைகள் எல்லாம் தொங்கிக் கிடந்தன. முந்தின நாள் மாலை நிமிர்ந்து நின்ற செடி. தொட்டி மண்ணுக்குள் விரலை விட்டேன். மார்கழிப் பனியில் கை விறைக்கிற நேரத்தில், அந்த மண் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றியைப் போலச் சுட்டது.

செடி என் மகளுடையது. முழங்கால் உயரம்தான். ஊட்டிப் பக்கம் ஒரு நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். குளிர் இறங்கினால் கிளை நுனிகளில் கொத்தாக ரோஸ் நிற மொட்டு வைக்கும். விரிந்தால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசனை. பாதை வரை வரும். ஏற்காட்டு மழைக்குத் தரையில் வைத்தால் வேர் அழுகிவிடும் என்று மண்தொட்டியில் வளர்த்தாள். அடியில் ஓட்டுச் சில்லு, மேலே மணல் கலந்த மண். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். எரு வைக்கிறேன் என்று வேர்ப்பக்கம் போகவே கூடாது என்று சொல்லியிருந்தாள்.

வைகாசியில் நான் பேசி முடித்த சம்பந்தத்தை அவள் வேண்டாம் என்றாள். "அப்படீன்னா இந்த ஊட்டுப் பக்கம் வராத" என்றேன். அவள் தாய் உயிரோடு இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயிலேயே நின்றிருக்கும். மகள் பெங்களூர் போய்விட்டாள். பிறகு பேச்சு இல்லை. தினமும் காலை எட்டு மணிக்குப் போனில் ஒரு வரி வரும்: "செடி போட்டோ." எடுத்து அனுப்புவேன். எங்களுக்குள் மிஞ்சியது அவ்வளவுதான். ஒற்றை ஆளாய்ச் சமைத்து, ஒற்றைத் தட்டைக் கழுவி வைக்கும் வீட்டில், அந்த எட்டு மணிக்காகத்தான் எழுந்தேன்.

போன வாரம் கூடுதலாக ஒரு வரி வந்தது: "இலை ஏன் வெளுத்திருக்கு?" ஏழு மாதத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி. பொங்கலுக்குள் செடியைப் பச்சைப்பசேலென்று காட்டிவிட வேண்டும் என்று துடித்தேன். நான் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். காப்பிப் பழம் பறிக்கிற காலம். அரைத்து எடுத்த பழத்தோல் குவியலாகக் கிடந்தது. ஒரு பை அள்ளிவந்து வேரைச் சுற்றி அமுக்கித் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு மூன்றாம் நாள்தான் அந்தச் சனிக்கிழமை.

எங்கள் எஸ்டேட்டுக்குப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்த வாழவந்தி ஊர்க்கார அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏனுங்க ரைட்டருங்க, பச்சத் தோலயா போட்டீங்க?"

"எருதானேன்னு போட்டேனுங்க."

"காப்பிச் செடிக்கே நல்லா மக்க வெச்சுத்தானுங்க போடறோம். மக்கறப்ப கைய உட முடியாது, அத்தன சூடு. தெனமும் அந்தத் தோல் குமிகிட்டத்தான நிக்கறீங்க?" சிரித்தாள். "பேனா புடிக்கற கையில எருவக் குடுத்தா இப்படித்தானுங்க."

"பொழைக்குமுங்களா?"

தண்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பழுப்பு. சிரிப்பு நின்றது. "பாப்பா வெச்சதுங்களா? மறைக்காம சொல்லிப்போடுங்க."

சொல்லவில்லை. தோலையெல்லாம் வழித்துப் போட்டுவிட்டு, எட்டு மணிக்குப் பழைய போட்டோ ஒன்றை அனுப்பினேன். ஞாயிறும் திங்களும் அதையேதான் செய்தேன். செவ்வாய்க்கிழமை, "இன்னிக்கு எடுத்ததப் போடுங்க" என்று வந்தது. போனை அணைத்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். வேலைக்குப் போகவில்லை. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கினேன். பொறுக்கியதை எங்கே போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

புதன்கிழமை பதினொரு மணிக்குக் கதவைப் படபடவென்று தட்டினார்கள். மகள். தோளில் பை, கலைந்த தலை, மூச்சு வாங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மொட்டைக் குச்சியாய் நின்ற செடியை.

"இதுக்காப்பா போன அணைச்சு வெச்சீங்க? உங்களுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு வழியெல்லாம் அழுதுட்டு வரேன்."

வாசலை மறித்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறேன்.

"நகருங்கப்பா" என்றாள். "நொம்பப் பசிக்குது."